எத்தனை முறை வந்தது? எண்ணிக்கையால் தீரும் அரே கணக்குகள்

இந்த ஏழு எண்களைப் பாருங்கள்: 4, 7, 9, 4, 2, 7, 4. இதில் அதிக முறை வந்தது எது என்று கேட்டால் 4 என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஏழே எண்கள் என்பதால் கண்ணே வேலையை முடித்துவிடுகிறது. எழுநூறு எண்கள் இருந்தால் ஒரு தாளை எடுப்பீர்கள். புது எண் வந்தால் அதை எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போடுவீர்கள். அதே எண் மறுபடி வரும்போதெல்லாம் இன்னொரு கோடு. யாரும் சொல்லித்தராமலே கைக்கு வரும் முறை இது.

ஆனால் இதையே நிரலாக எழுதச் சொன்னால், புதிதாகக் கற்பவர்கள் பலர் வேறு வழியில் போகிறார்கள். முதல் எண்ணை எடுத்து, மொத்த அரேயையும் (எண்களை வரிசையாகக் கட்டங்களில் அடுக்கி வைத்த பட்டியல்) ஒருமுறை சுற்றி, அது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது. அப்புறம் அடுத்த எண்ணை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து சுற்றுவது. சுற்றுக்குள் சுற்று, அதாவது லூப்புக்குள் லூப். விடை சரியாகத்தான் வரும். ஏழு எண்களில் நேரம் போவதே தெரியாது. ஒரு லட்சம் எண்கள் இருந்தால், ஒரு லட்சம் முறை ஒரு லட்சம் எண்களைப் பார்க்க வேண்டும்: மொத்தம் 1,000 கோடி ஒப்பீடுகள். தாளில் கோடு போடும் முறைக்கோ ஒரு லட்சம் கோடுகள் போதும்.

அந்தத் தாளைக் கணினிக்குள் கொண்டுவருவது எப்படி, அதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். நிறைய தூரம் போகலாம்.

தாளுக்குப் பதில் இன்னொரு அரே

நம் மதிப்புகள் எல்லாம் 0 முதல் 9 வரைதான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு புது அரேயை எடுத்து, எல்லாக் கட்டத்திலும் 0 போட்டு, அதற்கு ‘எண்ணிக்கை’ என்று பெயர் வையுங்கள். பிறகு:

அரேயில் உள்ள ஒவ்வொரு மதிப்புக்கும்:
    எண்ணிக்கை[மதிப்பு] = எண்ணிக்கை[மதிப்பு] + 1

இரண்டே வரிகள்தான். ஆனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். முதல் அரேயில் மதிப்பாக இருந்த 4, இரண்டாவது அரேயில் இடஎண்ணாக, அதாவது கட்டத்தின் எண்ணாக, மாறிவிடுகிறது. ‘4 எங்கே இருக்கிறது?’ என்று தேடுகிற வேலையே இல்லை. 4-க்கான கட்டம் நான்காம் இடஎண்ணில்தான் இருக்கும், நேராக அங்கே போய் ஒன்று கூட்டிவிட்டு வந்துவிடலாம். தேடல் ஒழிந்ததுதான் வேகத்துக்குக் காரணம்.

நம் ஏழு எண்களையும் இப்படி ஓட்டிப் பார்த்தால், முடிவில் பத்துக் கட்டங்களும் இடமிருந்து வலமாக இப்படி இருக்கும்:

0, 0, 1, 0, 3, 0, 0, 2, 0, 1

இதைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். நான்காம் இடஎண்ணில் 3 இருக்கிறது, அதாவது 4 மூன்று முறை வந்திருக்கிறது. (கட்டங்களை 0-விலிருந்து எண்ண வேண்டும்.) அதிக முறை வந்தது எது என்றால், பெரிய எண் இருக்கும் கட்டம். எத்தனை வெவ்வேறு எண்கள் உள்ளன என்றால், 0 அல்லாத கட்டங்கள் நான்கு. வராத எண்கள் எவை என்றால், 0 இருக்கும் கட்டங்கள். திரும்ப வந்தவை எவை என்றால், 1-ஐத் தாண்டிய கட்டங்கள். நான்கு கேள்விகளுக்கும் ஒரே அட்டவணை.

வரிசைப்படுத்துவதும் இதிலேயே ஒளிந்திருக்கிறது. இடமிருந்து வலமாகப் போய், ஒவ்வொரு இடஎண்ணையும் அதன் கட்டத்தில் உள்ள எண்ணிக்கை அளவுக்கு எழுதினால் 2, 4, 4, 4, 7, 7, 9 என்று வந்துவிடும். எந்த இரண்டு எண்களையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடாமலே வரிசை கிடைத்துவிட்டது! கணினி அறிஞர் ஹெரால்ட் சீவர்ட் 1954-இல் இந்த முறையை முன்வைத்தார். கவுன்ட்டிங் சார்ட் என்று இன்றைக்கும் பாடமாக நடத்தப்படுவது இதுதான்.

எண்ணும்போது எதை இழக்கிறோம்

மேலே உள்ள பத்துக் கட்டங்களை மட்டும் கொடுத்து, பழைய அரேயைத் திரும்ப எழுதச் சொன்னால் முடியாது. எந்த எண் எத்தனை முறை என்பது இருக்கிறது, எந்த இடத்தில் என்பது போய்விட்டது. எண்ணுவது என்றால் வரிசையை மறப்பது. ஆகவே ஒரு கணக்கைப் படித்ததும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது: இந்த அரேயைக் கலைத்துப் போட்டாலும் விடை அதேதானா? ஆம் என்றால் பெரும்பாலும் எண்ணிக்கை போதும். இல்லை என்றால், எண்ணிக்கையோடு வேறு ஏதாவது சேர்க்க வேண்டும்.

இரண்டு அரேக்களில் ஒரே எண்கள்தான் வேறு வரிசையில் இருக்கின்றனவா என்று கேட்டால், அது முதல் வகை. ஒன்றை எண்ணும்போது கூட்டுங்கள், மற்றதை எண்ணும்போது அதே கட்டங்களில் கழியுங்கள். எல்லாக் கட்டமும் 0-வில் வந்து நின்றால் இரண்டும் ஒன்றுதான்.

‘ஒரே ஒரு முறை மட்டும் வந்த எண்களில் முதலாவது எது?’ என்பது இரண்டாம் வகை. இங்கே பலர் சறுக்குகிறார்கள். எண்ணிக்கை அரேயை இடமிருந்து பார்த்து, 1 இருக்கும் முதல் கட்டத்தை எடுத்தால் 2 என்று வரும். சரியான விடை 9. ஏனென்றால் பழைய அரேயில் 9 மூன்றாவது இடத்திலும் 2 ஐந்தாவது இடத்திலும் இருக்கின்றன. ‘முதலாவது’ என்ற சொல் வரிசையைப் பற்றிப் பேசுகிறது. வரிசை பழைய அரேயில்தான் இருக்கிறது. ஆகவே இரண்டாவது சுற்றையும் பழைய அரே மேலேயே ஓட்டி, ஒவ்வொரு மதிப்புக்கும் அதன் எண்ணிக்கை 1-தானா என்று பார்க்க வேண்டும். இரண்டு சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவது லூப்புக்குள் லூப் ஆகாது. ஒரு லட்சம் எண்களுக்கு இரண்டு லட்சம் படிகள், அவ்வளவுதான்.

அரேயா, ஹேஷ் மேப்பா

மதிப்புகள் 0 முதல் 9 வரை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். மதிப்பு 100 கோடி வரை போகலாம் என்றால்? ஒரு கட்டத்துக்கு 4 பைட் என்றாலும் கிட்டத்தட்ட 4 ஜிபி நினைவகம் வேண்டும். அதுவும் வருவது ஒரு லட்சம் எண்கள்தான் என்றால், மீதிக் கட்டங்கள் எல்லாம் காலியாகவே கிடக்கும். இங்கேதான் ஹேஷ் மேப் உதவுகிறது. வந்த மதிப்புக்கு மட்டும் இடம் ஒதுக்கும், மதிப்பைக் கொடுத்தால் அதன் எண்ணிக்கையைச் சராசரியாக ஒரே படியில் எடுத்துத் தரும். பைதானில் இதற்கு டிக்‌ஷனரி, ஜாவாவில் ஹேஷ்மேப், சி++-இல் அன்ஆர்டர்டு மேப் என்று பெயர். பைதானில் எண்ணுவதற்கென்றே கவுன்ட்டர் என்ற ஒன்றும் இருக்கிறது. இல்லாத மதிப்பைக் கேட்டால் சாதாரண டிக்‌ஷனரி பிழை காட்டி நிற்கும், கவுன்ட்டர் 0 என்று சொல்லும். சி++-இல் சதுர அடைப்புக்குறி போட்டு இல்லாத மதிப்பைக் கேட்டால், 0 தருவதோடு அந்த மதிப்பைப் புதிதாக மேப்பில் சேர்த்தும் விடும். வெவ்வேறு எண்கள் எத்தனை என்று மேப்பின் அளவை வைத்துச் சொல்லப் போகிறீர்கள் என்றால் இதை மறக்கக் கூடாது.

வரம்பு சிறியது என்றால் நான் எப்போதும் சாதாரண அரேயைத்தான் எடுப்பேன். ஹேஷ் மேப்பின் ‘ஒரே படி’ என்பது சராசரிக் கணக்கு. ஒரே கட்டத்தில் பல மதிப்புகள் போய் மோதினால் அது மெதுவாகிவிடும். நிரலாக்கப் போட்டிகளில் வேண்டுமென்றே அப்படி மோதும் எண்களைத் தயார் செய்து கொடுப்பவர்களும் உண்டு. சாதாரண அரேயில் அந்தக் கவலை இல்லை.

அரேயில் வேறொரு கவலை இருக்கிறது: கழித்தல் எண்கள். ஒரு முறை பைதானில் பத்துக் கட்ட லிஸ்ட் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே 9 இரண்டு முறைதான் இருந்தது, விடை மூன்று என்றே வந்துகொண்டிருந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. வரி வரியாக அச்சிட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அரேயில் ஒரு −1 இருந்திருக்கிறது. பைதானில் இடஎண் −1 என்றால் கடைசிக் கட்டம். பத்துக் கட்டங்களில் கடைசிக் கட்டம் 9-க்கு உரியது. ஆக −1-இன் கோடு 9-இன் கணக்கில் விழுந்துவிட்டது. மிகச் சிறிய மதிப்பு −50 என்றால், எல்லா மதிப்போடும் 50-ஐக் கூட்டிக்கொண்டு இடஎண்ணாகப் பயன்படுத்துங்கள். −50-க்கு 0-ஆவது கட்டம், 0-க்கு 50-ஆவது கட்டம். இவ்வளவுதான் தீர்வு.

தசம எண்களை ஹேஷ் மேப்பில் எண்ணுவதையும் தவிர்த்துவிடுங்கள். 0.1-உம் 0.2-உம் கூட்டினால் கணினியில் 0.30000000000000004 என்று வருகிறது. அதுவும் 0.3-உம் வெவ்வேறு கணக்கில் போய் உட்காரும்.

ஜோடிகள்

எண்ணிக்கை உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஜோடிக் கணக்குகள். நம் ஏழு எண்களில் ஒரே மதிப்புள்ள ஜோடிகள் எத்தனை? 4 மூன்று முறை இருப்பதால் அதில் மூன்று ஜோடிகள். 7-இல் ஒன்று. மொத்தம் நான்கு. ஒரு மதிப்பு எத்தனை முறை வந்ததோ, அதை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால் அதன் ஜோடிகள் வந்துவிடும். ஒவ்வொரு ஜோடியையும் நேரில் பார்க்க வேண்டியதே இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஒரு லட்சம் எண்களும் ஒரே மதிப்பாக இருந்தால் ஜோடிகள் 499,99,50,000. சாதாரண 32 பிட் முழு எண்ணில் 214,74,83,647-க்கு மேல் பிடிக்காது. ஜாவாவிலும் சி++-இலும் விடையை 64 பிட் எண்ணில் வையுங்கள்.

இதே கணக்கை எண்ணிக்கொண்டே போகும்போதும் முடிக்கலாம், எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். புது மதிப்பு ஒன்று வரும்போது, இதற்கு முன் அது எத்தனை முறை வந்திருக்கிறதோ அத்தனை புது ஜோடிகள் பிறக்கின்றன. அதை விடையில் சேர்த்துவிட்டு, பிறகு எண்ணிக்கையில் ஒன்று கூட்டுங்கள். நம் அரேயில் 4 → 0, 7 → 0, 9 → 0, 4 → 1, 2 → 0, 7 → 1, 4 → 2. கூட்டினால் நான்கு.

இந்த வழியின் அருமை அடுத்த கணக்கில் தெரியும். கூட்டினால் 8 வரும் ஜோடிகள் எத்தனை? முதலில் எல்லாவற்றையும் எண்ணி வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு மதிப்புக்கும் ‘8-இலிருந்து இதைக் கழித்தால் வருவது எத்தனை முறை இருக்கிறது?’ என்று கேட்டால், மூன்று 4-களும் ஆளுக்கு மூன்று என்று சொல்லும். மொத்தம் ஒன்பது. ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கும் என்று இரண்டால் வகுத்தால் நாலரை ஜோடி! 4 தன்னோடு தானே ஜோடி சேர்ந்துகொண்டதால் வந்த வினை. கேட்டுவிட்டுப் பிறகு எண்ணினால் இந்தச் சிக்கலே எழாது:

ஒவ்வொரு மதிப்புக்கும்:
    விடை = விடை + எண்ணிக்கை[8 − மதிப்பு]
    எண்ணிக்கை[மதிப்பு] = எண்ணிக்கை[மதிப்பு] + 1

(இங்கே ஹேஷ் மேப் வையுங்கள். 9 வரும்போது 8 − 9 என்பது −1 ஆகிவிடும், மேலே சொன்ன அதே பள்ளம்.) ஒவ்வொரு 4-உம் தனக்கு முன்னால் வந்த 4-களை மட்டும் பார்க்கும்: 0, 1, 2. மொத்தம் மூன்று, சரியான விடை. தனக்கு முன்னால் வந்தவற்றை மட்டுமே பார்ப்பதால் தன்னோடு தான் சேராது, ஒரே ஜோடி இரண்டு முறையும் வராது. இந்த இரண்டு வரிகளின் வரிசையை மாற்றிப் போட்டுவிட்டால் விடை தப்பிவிடும், அதை ஒருமுறை நீங்களே மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

மதிப்பை மாற்றிவிட்டு எண்ணுவது

இதுவரை மதிப்பை அப்படியே எண்ணினோம். பல கணக்குகளில் மதிப்பைவிட அதன் ஏதோ ஒரு பண்புதான் முக்கியம். கூட்டினால் 3-ஆல் மீதியின்றி வகுபடும் ஜோடிகள் எத்தனை என்று கேட்டால், 4-க்கும் 7-க்கும் வித்தியாசமே இல்லை. இரண்டும் 3-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே மீதியை மட்டும் எண்ணுங்கள். நம் ஏழு எண்களின் மீதிகள் 1, 1, 0, 1, 2, 1, 1. மீதி 1 ஐந்து முறை, மீதி 2 ஒரு முறை, மீதி 0 ஒரு முறை. மீதி 1-உம் மீதி 2-உம் சேர்ந்தால் வகுபடும், ஐந்து ஜோடிகள். மீதி 0-க்கு இன்னொரு 0 வேண்டும், இல்லை. விடை ஐந்து. ஒரு லட்சம் எண்கள் இருந்தாலும் எண்ணிக்கை அரேயில் மூன்றே கட்டங்கள்தான்.

மறுபடியும் கழித்தல் எண்கள்: −4-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி என்ன என்று கேட்டால் பைதான் 2 என்கிறது, சி++-உம் ஜாவாவும் −1 என்கின்றன. அவற்றில் மீதியோடு 3-ஐக் கூட்டி இன்னொரு முறை மீதி எடுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று. பாதிக்கும் மேல் வந்த ஒரே எண்ணைக் கண்டுபிடிக்க மேப் கூட வேண்டாம், ஒரே ஒரு எண்ணிக்கை போதும் என்று கணினி அறிஞர்கள் ராபர்ட் பாயரும் ஜே ஸ்ட்ரோதர் மூரும் 1980களின் தொடக்கத்தில் காட்டினார்கள். ஒரு வேட்பாளரைக் கையில் வைத்துக்கொண்டு, அதே எண் வந்தால் ஒன்று கூட்டுவது, வேறு எண் வந்தால் ஒன்று கழிப்பது, எண்ணிக்கை 0 ஆக இருக்கும்போது வரும் எண்ணைப் புது வேட்பாளராக எடுத்துக்கொள்வது. கடைசியில் நிற்பவர் உண்மையிலேயே பாதியைத் தாண்டியவர்தானா என்று இன்னொரு சுற்று ஓடிச் சரிபார்க்க வேண்டும். அப்படி ஒரு எண்ணே இல்லாத அரேயிலும் யாராவது ஒருவர் கடைசியில் நிற்கக்கூடும்.

தொடர்ச்சியான பகுதிகள்

வரிசை முக்கியம் என்றால் எண்ணிக்கை போதாது என்று முன்பு சொன்னேன். அந்த இடத்திலும் எண்ணுவதற்கு வழி உண்டு, வரிசையை வேறொரு எண்ணுக்குள் பொதித்து வைத்துவிட்டால்.

அரே 2, 1, 3, −1, 4. இதில் கூட்டுத்தொகை 3 வரும் தொடர்ச்சியான பகுதிகள் எத்தனை? முதலிலிருந்து கூட்டிக்கொண்டே வரும் தொகையை எழுதுங்கள். எதையும் கூட்டும் முன் 0, பிறகு 2, 3, 6, 5, 9. ஒரு பகுதியின் கூட்டுத்தொகை என்பது அது முடியும் இடத்துத் தொகையிலிருந்து அது தொடங்கும் முன் இருந்த தொகையைக் கழித்தால் வருவது. ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: இந்த ஆறு எண்களில், பின்னால் வருவது முன்னால் வந்ததைவிட 3 அதிகமாக இருக்கும் ஜோடிகள் எத்தனை? இது நமக்குப் பழகிய ஜோடிக் கணக்கு. ஒவ்வொரு தொகைக்கும் ‘இதைவிட 3 குறைந்தது முன்பு எத்தனை முறை வந்தது?’ என்று கேட்டுக்கொண்டு போனால், 3-க்கு 0 கிடைக்கிறது, 6-க்கு 3, 5-க்கு 2, 9-க்கு 6. நான்கு பகுதிகள். அந்தத் தொடக்க 0-வை எண்ணிக்கையில் ஒன்று என்று முதலிலேயே போட்டு வைக்க மறந்தால், அரேயின் முதல் எண்ணிலிருந்து தொடங்கும் பகுதி (இங்கே 2, 1) விட்டுப்போகும். இந்தக் கணக்கில் நான் பார்த்த தவறுகளில் பாதி அதுதான்.

கடைசியாக, நீங்கள் கையால் போட்டுப் பார்க்க ஒன்று. 0-உம் 1-உம் மட்டுமே உள்ள அரே: 1, 0, 0, 1, 1, 0. இதில் 0-களும் 1-களும் சம எண்ணிக்கையில் இருக்கும் தொடர்ச்சியான பகுதிகள் எத்தனை? ஒவ்வொரு 0-வையும் −1 என்று மாற்றுங்கள். சமமாக இருக்கும் பகுதியின் கூட்டுத்தொகை 0 ஆகிவிடும். கூட்டிக்கொண்டே வந்தால் தொகைகள் 0, 1, 0, −1, 0, 1, 0. இரண்டு இடத்தில் தொகை ஒன்றாக இருந்தால் அவற்றுக்கு இடையில் உள்ள பகுதி சமம். அதாவது நாம் தேடுவது ஒரே மதிப்புள்ள ஜோடிகளை, முதலில் ஏழு எண்களில் தேடிய அதே கணக்கு. 0 நான்கு முறை இருக்கிறது, ஆறு ஜோடிகள். 1 இரண்டு முறை, ஒரு ஜோடி. −1 தனியாக நிற்கிறது. ஏழு பகுதிகள். அந்த 1-களின் ஜோடி எந்தப் பகுதியைக் குறிக்கிறது என்று அரேயில் விரல் வைத்துப் பாருங்கள்: நடுவில் உள்ள 0, 0, 1, 1.